தட்டிப் பார்த்த ஜாடி

இதைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே உங்கள் முகம் மாறும், எனக்குத் தெரியும், என் தங்கை வீட்டுக்காரர் முகம் அப்படித்தான் மாறியது. பரவாயில்லை, கேளுங்கள். பேய், காத்து கருப்பு என்று எங்கள் மணிமங்கலத்தில் யாராவது பேச்செடுத்தால் முதலில் எழுந்து போகிறவள் நான். அமாவாசை, வெள்ளிக்கிழமை எதுவும் பார்க்காமல் ஏரிக்கரையோரம் தனியாக சைக்கிள் மிதித்தவள். சாமியாடுகிற அத்தைக்கு முன்னால் நின்று சிரித்து அடி வாங்கியவள். இன்றைக்கும் நான் அப்படித்தான். அந்த ஜாடி விஷயம் ஒன்றைத் தவிர.

தொண்ணூற்றி ஒன்றில் நடந்தது. ஒரகடம் தாண்டி சிங்கப்பெருமாள் கோயில் போகிற ரோட்டில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் நான் வேலை பார்த்தேன். இப்போது அந்த ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடக்கவே கால் மணி நேரம் ஆகிறது. அப்போது வேலிகாத்தான் முள்ளு, ஒரு டீக்கடை, எங்கள் கம்பெனி, அவ்வளவுதான். கரண்ட் கம்பத்தில் கம்பியைத் தாங்கிக்கொண்டு வெள்ளையாகக் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒன்று இருக்குமே, இன்சுலேட்டர், அதைத்தான் செய்தோம். சூளையிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் சின்ன மரச்சுத்தியால் தட்டிப் பார்ப்பது என் வேலை. நன்றாக வெந்த சரக்கு கணீர் என்னும். உள்ளே முடி அளவு கீறல் இருந்தாலும் டொக் என்று ஊமையாகிவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். மூன்று வருஷத்தில் என் காது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. நான் ஒதுக்கியதை உடைத்துப் பார்த்தால் உள்ளே கீறல் இருக்கும், எப்போதும். பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் நடந்தது புரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வருஷம் மழை முடிகிற சமயம், முதலாளி வீட்டம்மாவுக்கு ஓர் ஆசை வந்தது. மெட்ராஸிலிருந்து ஏழு ஓவியர்களை, மண்ணில் பொருள் செய்கிறவர்களையும் சேர்த்து, வரவழைத்து, எங்கள் பேக்கிங் ஷெட்டில் ஒரு கண்காட்சி வைப்பது, ஞாயிற்றுக்கிழமை தொழிலாளிகள் குடும்பத்தோடு வந்து பார்ப்பது என்று. வந்தவர்களில் நிர்மலா மேடம் என்று ஒருவர் இருந்தார், ஐம்பது வயது இருக்கும், குட்டையாக வெட்டின முடி, ஆண்பிள்ளைச் சட்டை, நகமெல்லாம் மண். அவர் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஜாடி செய்திருந்தார். கீழே வெறும் மண் நிறம், மேலே மழை வரப்போகிற வானம் மாதிரி ஒரு சாம்பல் மெருகு. அவ்வளவு பெரிய ஜாடியைச் சுட அவரிடம் இடம் இல்லாததால் எங்கள் சூளையில் வைத்தார்கள். சுட்டது ஏகாம்பரம் அண்ணன்.

ஏகாம்பரம் அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். நாற்பத்தைந்து வயது, வல்லக்கோட்டைப் பக்கம். சூளையின் பார்க்கிற துளையில் கண்ணை வைத்து உள்ளே தெரிகிற நிறத்தைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார், மீட்டர் அப்புறம்தான் அதையே சொல்லும். தன் சூளையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அந்த ஜாடிக்காக இரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல் சூளை பக்கத்திலேயே கிடந்தார்.

வியாழக்கிழமை காலையில் எல்லாச் சாமானும் பேக்கிங் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. வேனில் வந்ததால் ஏதாவது விரிசல் விட்டிருக்கலாம், தட்டிப் பார்த்துச் சொல்லு என்று மேனேஜர் என்னை அனுப்பினார். சுவரில் படங்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு படம் முழுக்க மஞ்சள், ஓரத்தில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. பார்த்த ஏகாம்பரம் அண்ணன், "இன்னா கஸ்தூரி இது, பெயிண்டு அடிக்கசொல்ல பாதில சோத்துக்குப் போயிட்டானா?" என்றார். அதை வரைந்த சம்பத் என்கிற தாடிக்காரர் ஏணிமேலேயே நின்று சிரித்தார்.

கிண்ணம், தட்டு, மண் பறவைகள், எல்லாம் தட்டினேன், எல்லாம் கணீர். கடைசியில் ஜாடி. அண்ணன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார், தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறவர் மாதிரி. தட்டினேன்.

டொக்.

இன்னொரு இடத்தில் தட்டினேன். டொக். கழுத்தில், வயிற்றில், அடியில். எல்லாம் டொக்.

"கீறல் இருக்குதுண்ணே," என்றேன்.

"இன்னாது? என் சூளைல வெந்ததுல கீறலா? காது அடைச்சுக்கினு கீதா உனக்கு?"

நிர்மலா மேடத்தைக் கூப்பிட்டார்கள். அவர் மண்ணெண்ணெயில் மையைக் கலந்து ஜாடி முழுக்கத் தடவித் துடைத்தார். கீறல் இருந்தால் மை அதில் இறங்கிக் கோடு காட்டிவிடும். ஒரு கோடும் இல்லை. "நாளைக்கு இன்னொரு தடவை பார்க்கலாம்மா," என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேடம் முன்னாலேயே தட்டினேன். கோயில் மணி தோற்றுப்போகும். ஷெட் முழுக்க அந்தச் சத்தம் சுற்றி வந்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. சூளைப் பக்கம் விஷயம் போய், அண்ணன் ஓடி வந்தார், "இப்ப இன்னா சொல்றே? தட்டு, நானும் கேக்கறேன்" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு. தட்டினேன்.

டொக்.

நம்பினால் நம்புங்கள், இந்தக் கூத்து அன்றைக்குப் பகல் முழுக்க நடந்தது. அவர் திட்டிவிட்டுப் போவார், நான் தட்டுவேன், கணீர். எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. வெயில் ஏறுவதால் இருக்குமோ என்று நினைத்தேன், தரையில் ஈரமோ என்று கீழே பலகை போட்டேன், இடம் மாற்றினேன், சுத்தியை மாற்றினேன், என் விரல் முட்டியால் தட்டினேன். மத்தியானம் மூன்று மணி டீக்கு, நான் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தபோது, கணீர், கணீர், கணீர் என்று போய்க்கொண்டிருந்த சத்தம் நடுவில் யாரோ வாயைப் பொத்தின மாதிரி டொக் என்று நின்றது. நிமிர்ந்தேன். ஏகாம்பரம் அண்ணன் டீ கிளாஸோடு வாசலில் இருந்து உள்ளே வந்துகொண்டிருந்தார்.

அவர் டீயைக் குடித்துவிட்டு வெளியே போனார். தட்டினேன். கணீர்.

பயந்தது உண்மைதான். ஆனால் பயத்தைவிட எனக்கு அப்போது வந்தது ஒரு வெறி, இது என்ன என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று. நேராக நிர்மலா மேடத்திடம் போய்ச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார், ஆமாம், பீடிதான், அதைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "நீ அவரைப் பார்த்துட்டு கையை மாத்தித் தட்டறியோ என்னவோ, உனக்கே தெரியாம," என்றார். "நாளைக்கு நீ பார்க்காம தட்டு. அப்ப தெரியும்."

சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில் அதைச் செய்தோம். ஜாடியைச் சுவரோரம் வைத்து, நான் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன், கண்ணையும் ஒரு துண்டால் கட்டினார்கள். எனக்குப் பத்தடி பின்னால் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக வந்து அந்தக் கோட்டில் நிற்கவேண்டும், பேசக்கூடாது. யார் எப்போது போவது என்பதை வாசலில் நின்று சம்பத் முடிவு செய்வார். ஆறு பேர். ஏகாம்பரம் அண்ணனுக்கு அது ஒரு விளையாட்டு என்றுதான் சொல்லியிருந்தார்கள், அவரும் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றாராம்.

மேடம் "ம்" என்பார், நான் தட்டுவேன். கணீர். "ம்." கணீர். "ம்." டொக். அப்புறம் மூன்றும் கணீர். மேடம் பேப்பரில் எழுதுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது சுற்றில் ஐந்தாவது ஆள் டொக். மூன்றாவது சுற்றில் ஆறு தடவையும் கணீர், கணீர் என்றே போனது. போச்சு, என் காது தப்பிவிட்டது, எல்லாம் என் பிரமை என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. துண்டை அவிழ்த்தேன். மேடம் அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் சுத்துல மூணாவது ஏகாம்பரம், ரெண்டாவது சுத்துல அஞ்சாவது ஏகாம்பரம்," என்றார் மெதுவாக.

"மூணாவது சுத்துல?"

வாசலிலிருந்து சம்பத் சொன்னார்: "மூணாவது சுத்துல அவரை நான் உள்ள அனுப்பவே இல்லைம்மா. சும்மா ஒரு ஆளை ரெண்டு தடவை அனுப்பினேன்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அண்ணனைப் பார்த்தார்கள். அவருக்கு அப்போதுதான் விளையாட்டு என்னவென்று புரிந்தது. உள்ளே வந்து என் முன்னால் நின்றார்.

"அப்ப ஜாடி நல்லாத்தான் கீது. கீறல் உட்டது நானுன்னு சொல்றே. அப்படித்தானே?"

"நான் ஒண்ணும் சொல்லலைண்ணே..."

"என்னை ரிஜெக்ட் பண்ற. சொல்லேன் வாயத் தொறந்து."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் எப்போதும் எனக்கு இடம் பிடித்து வைக்கிறவர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் பஸ்ஸில் ஏறும்போது முதல் படியில் காலை வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றதை அன்றைக்குத்தான் கவனித்தேன். இதற்கு முன்னாலும் அப்படித்தான் நின்றிருப்பாரோ என்னவோ, நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷெட் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் மண் பறவைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. அந்த மஞ்சள் படத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் நின்று, இது வைக்கோல் போர், இல்லை இது மஞ்சள் காமாலை என்று சண்டை போட்டது, சம்பத் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் ஜாடி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள், நல்ல உயரம், கையில் ஒயர் கூடை.

"ஏம்மா, நீதான் அந்தத் தட்ற பொண்ணா? நானு ஏகாம்பரத்து சம்சாரம், முனியம்மா."

எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் அவளே சொன்னாள்: "பஸ்சுல பொம்பளைங்க பேசிக்கினாங்க. இவரு வூட்ல ஒரு வார்த்த சொல்லல. நேத்து சோறும் துண்ணல." பிறகு குரலை இறக்கினாள். "ஆறு மாசமா இவரு படுத்துத் தூங்கறதில்லமா. படுத்தா மூச்சு வாங்குது, செவுத்துல சாஞ்சி உக்காந்துக்கினே தூங்கறாரு. கேட்டா சூளை சூடு ஒடம்புல ஏறிப்போச்சுன்றாரு. இன்னா சொல்லியும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்றாரு."

கூடையைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்து சுத்தியை வாங்கினாள். ஜாடியை ஒரு தட்டு தட்டினாள். கணீர் என்றது. ஷெட்டின் அந்தக் கோடிக்குத் திரும்பி, "யோவ், இங்க வா," என்று கூப்பிட்டாள். அத்தனை பேருக்கு முன்னால் அவரால் வராமல் இருக்க முடியவில்லை. வந்தார், என்னைப் பார்க்காமல் ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். முனியம்மா தட்டினாள்.

டொக்.

"தள்ளிப் போ." அவர் பத்தடி, இருபதடி போனார். தட்டினாள். கணீர். "வா." டொக்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. சுத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நாளைக்கு லீவு போடு," என்றாள் அவரிடம்.

"இந்தப் பொண்ணு இன்னாவோ வித்த காட்டுது, நீயும் சேந்துக்கினு..."

"தட்டனது நானு. லீவு போடு."

போட்டார். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சலால் அவருடைய இதய வால்வு ஒன்று சுருங்கிப்போய் இருந்ததாம், வெகு நாளாக. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சூளைக்கு முன்னாலேயே விழுந்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். "இத்தனை நாள் வராத ஆளை இப்ப யாரும்மா அனுப்பினது?" என்று கேட்டதற்கு முனியம்மா, "ஜாடிங்க," என்றிருக்கிறாள். டாக்டர் அது யாரோ ஆள் பெயர் என்று நினைத்துக்கொண்டாராம். அதே மாதத்தில் ஆபரேஷன் ஆனது. நான்கு மாதம் கழித்து அண்ணன் வேலைக்குத் திரும்பினார், சூளைக்கு வேண்டாம் என்று ஸ்டோரில் போட்டார்கள். முதல் நாள் பஸ்ஸில் தன் பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். ஜாடியைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை, அன்றும் சரி, அவர் எழுபத்திரண்டு வயதில் வேறு எதனாலோ இறந்துபோகிற வரைக்கும் சரி.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அவர் மூச்சு வாங்குவதை நீ எப்போதோ கவனித்திருப்பாய், அது மனதுக்குள் இருந்து கையை மாற்றியிருக்கும் என்பீர்கள். என் தங்கை வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். அப்படியானால் முனியம்மா கை? அவளுக்குத்தான் அவர் மூச்சு வாங்குவது தெரியுமே என்பீர்கள். சரி. கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டினேனே, அது? ஜாடி நோயைக் கண்டுபிடிக்கிறது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையே காசநோய்க்காரர் ஒருவர் அதன் பக்கத்திலேயே நின்று இருமினார், அப்போதும் அது கணீர் என்றுதான் சொன்னது. ஏகாம்பரம் அண்ணன் இரண்டு ராத்திரி காவல் காத்துச் சுட்டது என்பதாலா? நிர்மலா மேடத்துக்கு ஒரு தடவை கடிதம் எழுதிக் கேட்டேன். "செய்கிறது மட்டும்தான் என் வேலை, அது என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. இப்போது அது என்னிடம் இல்லை, யாரோ விரும்பிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்," என்று பதில் வந்தது. யாருக்குக் கொடுத்தார் என்று எழுதவில்லை.

இதுவரைக்கும் நடந்ததைப் பார்த்த ஆட்கள் இருக்கிறார்கள். இனிமேல் சொல்லப்போவதற்கு நான் மட்டும்தான் சாட்சி, அதனால் இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

அண்ணனும் முனியம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போன அந்தத் திங்கட்கிழமை, கண்காட்சிச் சாமான்களைப் பெட்டியில் கட்டினோம். சாயங்காலம் நாலரை, ஐந்து இருக்கும், நல்ல வெளிச்சம். மற்றவர்கள் எல்லாம் படங்களை வேனில் ஏற்றப் போய்விட்டார்கள். வெளியே காற்று தூக்கி அடித்து வைக்கோலைப் பறக்கவிட்டதால் நானே ஷட்டரை இழுத்து மூடி, உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். பேக்கிங் ஷெட்டுக்கு வேறு கதவு கிடையாது. ஜன்னலெல்லாம் ஆளுயரத்துக்கு மேலே, கம்பி போட்டது. ஜாடி மட்டும்தான் பாக்கி. பெட்டியில் இறக்குவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை தட்டிப் பார்க்கலாம் என்று அதன் முன்னால் உட்கார்ந்தேன், ஷெட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

முதல் தட்டு. கணீர்.

இரண்டாவது தட்டு. டொக்.

என்னால் திரும்ப முடியவில்லை. கழுத்து அப்படியே நின்றுவிட்டது. நான்தானா, எனக்குத்தான் ஏதாவதா என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னால் அதற்காக டாக்டரிடமும் போனேன், ஒன்றும் இல்லை என்றார், முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இதோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் உடம்பு என்றால் அடுத்த தட்டும் டொக் என்றுதானே வரவேண்டும்?

அது கணீர் என்று வந்தது. யாரோ பின்னால் வந்து அந்தச் சாக்பீஸ் கோட்டில் நின்றுவிட்டு, அதற்குள் வெளியே போய்விட்ட மாதிரி.

எழுந்து திரும்பினேன், ஷெட்டில் ஆள் இல்லை; ஷட்டரிடம் போனேன். தாழ்ப்பாள் நான் போட்டபடியே இருந்தது.